நிலாவுக்கு மார்க் இல்லை

யோசனை வந்தது ஒரு பஜ்ஜிப் பொட்டலத்திலிருந்து. அக்கா வீட்டு முன்னறையில் சுவரில் சாய்ந்தபடி வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். எதிரே அக்கா மகள், ஐந்தாம் வகுப்பு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடியபடி அரையாண்டுத் தேர்வுக்கு சயின்ஸ் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"டிரான்ஸ்லூசன்ட் ஆப்ஜெக்ட்ஸ் அலோ லைட் டு பாஸ் பார்ஷியலி. எக்ஸாம்பிள், பட்டர் பேப்பர். டிரான்ஸ்லூசன்ட் ஆப்ஜெக்ட்ஸ்..."

"பட்டர் பேப்பர்னா இன்னா?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "எக்ஸாம்பிள்."

"எதுக்கு எக்ஸாம்பிள்?"

"டிரான்ஸ்லூசன்ட்டுக்கு."

"டிரான்ஸ்லூசன்ட்னா?"

"பட்டர் பேப்பர்."

செக்கு மாடு கூட எப்போதாவது நின்று தண்ணீர் குடிக்கும். இவள் நிற்கவில்லை. அந்தத் தெருவில் ஒருவர் வீட்டிலும் பட்டர் பேப்பர் கிடையாது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த டியூஷன் மிஸ்ஸும் கண்ணால் பார்த்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அப்போதுதான் என் கையில் இருந்த பேப்பரைக் கவனித்தேன். எண்ணெய் ஊறி, பின்பக்கத்து எழுத்தெல்லாம் முன்பக்கத்தில் இடம் வலம் மாறித் தெரிந்தது. பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டு பேப்பரைப் பிரித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"கண்ணத் தொற. இதான் உன் பட்டர் பேப்பர்."

திறந்தாள். பேப்பரைப் பிடுங்கி டியூப்லைட்டைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சித்தி, நீ கொழகொழன்னு தெரியற."

"வெளிச்சம் பாதி வருது, பாதி வரல. அதான் டிரான்ஸ்லூசன்ட்."

பேப்பரை மறுபடி கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அப்ப ஏன் புக்குல பஜ்ஜி பேப்பர்னு போடல?"

அந்தக் கேள்விக்கு இந்த நாட்டுப் பாடத்திட்டத்தில் பதில் இல்லை. அங்கேயே முடிவு செய்தேன். ஒளி என்ற அந்தப் பாடம் முழுவதையும் இந்த ஊரில் கையில் கிடைக்கும் பொருளை வைத்தே நடத்திவிடுவது, அந்தக் கேள்வி வங்கியைத் தொடுவதே இல்லை.

கேள்வி வங்கி என்பது அவள் பள்ளிக்கூடம் தானே அச்சடித்து, பாடப்புத்தகத்தை விட அதிக விலைக்கு விற்கும் ஒரு புத்தகம். கேள்வி, கீழே பதில். பாடப்புத்தகத்தை பைக்குள் சும்மா சுமக்க வேண்டும், இதை மனப்பாடம் செய்ய வேண்டும். எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. அப்படி ஒன்றை எழுதியிருந்தால் நானும் பெயர் போட மாட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. இயற்பியல் பட்டம் வாங்கி, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஒரே மாதிரித் திருகாணிகளைச் சரிபார்க்கிற வேலைக்குப் போய், திருகாணிகளுக்கு என் உதவி தேவையில்லை என்று தெரிந்ததும் அக்கா வீட்டுக்கே திரும்பி வந்தவள். அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு பெரிய கேள்வி வங்கிதான்.

ஆனால் அவளுக்கு அந்தத் தேர்வு சும்மா இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. பொங்கல் கழிந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சென்னைக் கோளரங்கத்துக்குக் கூட்டிப்போகப் போகிறார்கள். அரையாண்டில் சயின்ஸில் ஏ கிரேடு வாங்கியவர்கள் மட்டும். மற்றவர்களுக்கு வழக்கம்போல வகுப்பு நடக்கும். நட்சத்திரம் பார்க்கக் கூட மார்க் வாங்கியாக வேண்டும் என்று முடிவு செய்த அந்த மூளையை நான் நேரில் பார்க்க ஆசைப்பட்டேன். வானம் தெரியாத பிள்ளைக்குத்தானே வானத்தைக் காட்ட வேண்டும்? பசித்தவனைப் பார்த்து, நீ ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மட்டும் உள்ளே வா என்கிற ஓட்டல் இது.

அவளோ அந்தச் சுற்றறிக்கையை மடித்துத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். "உள்ள போனா கூரையே வானமா மாறிடுமாம் சித்தி. பகல்லயே." அதை வேறு யாரும் நம்ப மாட்டார்கள் என்பதுபோல் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

என் திட்டத்தைக் கேட்டு அக்கா சிரிக்கவில்லை. அவள் பட்டுப் புடவைகளுக்குக் குஞ்சம் முடிகிறவள். பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே பேசுவாள். "இத்த பாரு. நீ படிச்ச படிப்ப இங்க காட்டாத. அவளுக்கு ஏ வரணும். அவ்ளோதான்."

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், காந்தி ரோடில் ஒரு பட்டுக் கடையில் விற்பனையாளர். வாடிக்கையாளர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவைகளை ஒன்றன் மேல் ஒன்றாக விசிறிப் போடுவதில் கெட்டிக்காரர். அவர் தத்துவமும் அங்கிருந்துதான் வரும். "கஸ்டமர் இன்னா கேக்கறாங்களோ அத்த காட்டணும்மா. மாம்பழக் கலர் கேட்டா மாம்பழக் கலர். நமக்குப் புடிச்சத எடுத்துப் போட்டா எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்டுவாங்க. எக்ஸாமும் அப்டித்தான். மிஸ்ஸு கேக்கறத எழுதிட்டு வந்துக்கினே இருக்கணும்."

"அப்ப சயின்ஸு இன்னா மாமா, புடவையா?"

"எல்லாமே புடவைதான்மா," என்றார், மிக நிம்மதியாக. அந்த நிம்மதியை நான் அப்போது எவ்வளவு மட்டமாக நினைத்தேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் அன்றிரவு எனக்குச் சோறு கிடைத்திருக்காது.

முதல் பாடம், ஒளி நேர்கோட்டில் செல்லும். கேள்வி வங்கியில் இதற்கு மூன்று அட்டைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு துளை போட்டு, பின்னால் மெழுகுவர்த்தி வைத்த படம் இருந்தது. படத்தில் துளைகள் நேராக இல்லை. நடு அட்டையின் துளை ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. அதன் வழியே வெளிச்சம் போக வேண்டுமானால் குனிந்துதான் போக வேண்டும். அந்தப் படத்தைப் பிள்ளைகள் அப்படியே வரைந்து முழு மார்க் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அட்டைக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. தறியின் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியில் துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோத்துச் சுற்றும். எங்கே துளை இருக்கிறது, எங்கே இல்லை என்பதை வைத்துத்தான் புடவையில் மயில் வருமா மாங்காய் வருமா என்று முடிவாகும். பிள்ளையார்பாளையத்தில் அட்டை அடித்துக் கொடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். தப்பாக அடித்த அட்டைகளை வாசலில் குவித்து வைத்திருப்பார். கேட்டதும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார்.

"இன்னா, வெளையாட்டுக்கா?"

"சயின்ஸுக்குண்ணா," என்றாள் இவள்.

"சயின்ஸுக்கு எங்க அட்டையா? அவ்ளோ மோசமாயிடுச்சா?" என்று அவர் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

மூன்று அட்டைகளைக் களிமண்ணில் குத்தி நிறுத்தினோம். ஒவ்வொரு அட்டையிலும் துளைகள் இஷ்டத்துக்கு இருந்தன. டார்ச் அடித்தால் முதல் அட்டையில் நுழைந்த வெளிச்சம் இரண்டாவதில் முட்டிக்கொண்டு நின்றது. அட்டைகளை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். எந்த அட்டையிலும் ஓரத்தில், கோப்பதற்கான துளைகள் மட்டும் ஒரே இடத்தில் இருக்கும். அந்த ஓரத் துளைக்கு நேரே டார்ச்சைக் கொண்டுபோனாள். மூன்றையும் தாண்டி வெளிச்சம் சுவரில் ஒரு பொட்டாக விழுந்தது. நடு அட்டையை இம்மியளவு தள்ளினாள். பொட்டு செத்தது. திரும்ப நேராக்கினாள். பொட்டு வந்தது. அதை அவள் எவ்வளவு தடவை செய்தாள் என்று நான் கணக்கு வைக்கவில்லை. அக்கா வந்து டார்ச்சைப் பிடுங்கும் வரை செய்தாள்.

அதற்குள் ஒருமுறை, ஒரே அட்டையை மட்டும் டார்ச் முன்னால் பிடித்தபோது, சுவர் முழுக்க வெளிச்சப் புள்ளிகள் சிதறின. "வானம்!" என்று கத்தினாள். அது ஒரு அன்னப்பட்சியின் வால் பகுதி. நான் அதைச் சொல்லவில்லை.

அடுத்த பாடத்தில்தான் வினை வந்தது. மாமாவுக்கு மதியச் சாப்பாடு கொடுக்க அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தேன். பட்டுக் கடையின் கூரையைப் பார்த்திருக்கிறீர்களா? ஆபரேஷன் தியேட்டரில் கூட அவ்வளவு விளக்கு இருக்காது. அந்த வெளிச்சத்தின் கீழ் சென்னையிலிருந்து வந்த ஒரு கல்யாணக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. மாமா அரக்குக் கலரில் ஒன்றை விரித்து முந்தானையை மடியில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். ஜரிகை தகதகவென்று எரிந்தது. மணப்பெண்ணின் அம்மா கையை நீட்டித் தொடப் போன நேரம் கரண்ட் போனது.

ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் கொஞ்ச நேரம் ஆகும். அந்த இடைவெளியில் எல்லாரும் இருட்டில் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். இவள் மூடவில்லை.

"அப்பா! ஜரிகை அணைஞ்சிடுச்சி!"

விளக்கு வந்தது. ஜரிகை பழையபடி மின்னியது. ஆனால் அந்த அம்மாளின் கை பாதி வழியில் நின்றிருந்தது.

"கொழந்த என்ன சொல்றா? மங்கிப் போற ஜரிகையா இது?"

"ஐயோ, இல்லம்மா, அசல் வெள்ளி ஜரிகை, கேரண்ட்டி. பாப்பா சயின்ஸு படிக்கறா, அதான்..." என்று மாமா சிரித்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் அடுத்த வாரத்து மொத்தச் சாப்பாடும் இருந்தது.

அன்று மாலை ஒரு ரப்பர் பந்தையும் டார்ச்சையும் வைத்து நிலாவைச் சொல்லிக்கொடுத்தேன். டார்ச் சூரியன், பந்து நிலா. வெளிச்சம் விழுகிற பக்கம்தான் தெரியும், தன்பாட்டுக்கு அதற்கு வெளிச்சம் கிடையாது. பாதி சொல்வதற்குள் நிறுத்தினாள்.

"தெரியும் சித்தி. நிலா ஜரிகை மாதிரி. லைட்டு போட்டா மின்னும். கரண்ட் போனா கறுப்பாயிடும்."

இயற்பியலில் பட்டம் வாங்கின வகுப்பில் நாங்கள் அறுபது பேர் உட்கார்ந்திருந்தோம். எங்களில் ஒருவர் கூட நிலாவை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேள்வி வங்கியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஆனா இதுல வேற மாதிரி இருக்குது."

பார்த்தேன். ஒளி தரும் பொருள்கள் மூன்றைக் கூறு. பதில்: சூரியன், நிலா, நட்சத்திரம். நிலாவுக்கு அடியில் வகுப்பு மிஸ் சொல்லி அவளே கோடு போட்டிருந்தாள். முக்கியமான கேள்வி, கட்டாயம் வரும் என்று.

உடனே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அக்கா போனிலிருந்து எழுதினேன். மிக மரியாதையாகத்தான். நிலா ஒளி தரும் பொருள் அல்ல, சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அச்சில் பிழை இருக்கிறது என்று. கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸிடமிருந்து பதில் வந்தது: புத்தகத்தில் உள்ளபடியே எழுதவும். கீழே கூப்பிய கைகள். அதற்குக் கீழே பெற்றோர் வரிசையாக வந்து ஆளுக்கொரு கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார்கள். ஒரு கட்டைவிரலாவது எந்தப் பக்கம் என்று யோசித்திருக்குமா என்று நினைத்துக்கொண்டேன். ஒருவர் மட்டும், நாளைக்கு யூனிஃபார்மா கலர் டிரஸ்ஸா என்று கேட்டிருந்தார். அந்தக் குழுவில் அறிவியல் மனப்பான்மை கொண்டவர் அவர் ஒருவர்தான். தெரியாததைக் கேட்டார்.

அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "உனுக்கு இன்னா வந்துச்சு? ஊருக்கே மானத்த வாங்கிக்கினு. அவ நிலான்னு எழுதிட்டுப் போவட்டும். ஒரு மார்க்கு. அந்த நிலா இன்னா வந்து கோவிச்சிக்கப் போவுதா?"

"தப்ப எழுதச் சொல்றியா?"

"எழுதிட்டு வரட்டும். அப்புறம் வீட்ல வந்து அழிச்சிக்கோ."

மாமா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "கஸ்டமர் நிலாவ கேக்கறாங்க. எடுத்துப் போடு பாப்பா."

அவள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் இருப்பதை இருந்தபடி சொன்னேன். நிலா என்று எழுதினால் மார்க் கிடைக்கும், அநேகமாகக் கோளரங்கத்துக்குப் போகிற பஸ்ஸும் கிடைக்கும். எழுதாவிட்டால் கிடைக்காமல் போகலாம். எழுதுகிற கை உன்னுடையது.

"நிலா பாக்கறதுக்கு நிலாவப் பத்திப் பொய் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

மாமா தண்ணீர் கேட்டார்.

தேர்வன்று அவள் வெளியே வரும்போது முகத்தைப் பார்த்து எதையும் படிக்க முடியவில்லை. என்ன எழுதினாய் என்று அக்கா கேட்டதற்கு, "எல்லாம் எழுதிட்டேன்மா," என்றாள். அது உண்மைதான். விடைத்தாள் வந்தபோது தெரிந்தது, கேட்காததையும் சேர்த்து எழுதியிருந்தாள்.

ஒளி தரும் பொருள்கள்: சூரியன், நட்சத்திரம், டியூப்லைட். அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பாளோ என்னவோ. அடியில் தன் ஓட்டை ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: நிலா வராது, அது ஜரிகை மாதிரி, வெளிச்சம் விழுந்தால்தான் மின்னும். அந்த வரியைச் சுற்றி சிவப்பு வட்டம். பக்கத்தில் கேள்விக்குறி. மூன்று அட்டைப் படத்தில் ஒவ்வொரு அட்டையிலும் ஏகப்பட்ட துளைகளை வரைந்து, ஓரத் துளை வழியாக மட்டும் அம்பு போட்டிருந்தாள். சிவப்புக் கோடு. டிரான்ஸ்லூசன்ட்டுக்கு உதாரணம், பஜ்ஜி பேப்பர். அதன் மேல் இழுத்த கோடு தாளைக் கிழித்திருந்தது. கிரேடு பி.

அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மாமா மட்டும் மறுநாள் காலை கடைக்குப் போகும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "வாம்மா, மிஸ்ஸப் பாத்துட்டு வரலாம். நீ பேசாத. நான் பேசறேன்," என்றார். அவர் பேசுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சரிங்கம்மா, ஆமாங்கம்மா, வேற கலர் காட்டட்டுமாம்மா.

மிஸ் என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். மேசை மேல் விடைத்தாள் கட்டுகள். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், பொண்ணு நல்லாப் படிக்கறா. ஆனா சொன்னத எழுத மாட்டேங்கறா. ஜரிகை, பஜ்ஜின்னு இன்னா சார் இதெல்லாம்? இன்ஸ்பெக்ஷன்ல பாத்தா எங்களத்தான கேப்பாங்க?"

"ஆமாங்க மேடம்," என்றார் மாமா.

என்னால் முடியவில்லை. "மிஸ், நிலாவுக்குத் தானா வெளிச்சம் இருக்குதா?"

அவர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்குத் தெரியாதாம்மா? நானும் பி.எஸ்ஸிதான். விடைக் குறிப்பு மேல இருந்து வருது. அதுல நிலா இருக்குது. நான் மார்க் போட்டா, மத்த எல்லாப் பேப்பரையும் திருத்தணும். யார் திருத்தறது?"

தெரியாமல் தப்புப் போட்டிருந்தால் நான் மன்னித்திருப்பேன். தெரியாமை ஒரு நோய், மருந்து உண்டு. தெரிந்தே, சரியான பதிலைச் சுற்றி சிவப்பு வட்டம் போடுவதற்கு என்ன பெயர்? ஒரு குழந்தை நிலாவைப் புரிந்துகொண்டுவிட்டது என்பதை அந்த அறையில் முதலில் அறிந்தவர் அவர்தான். அறிந்து, பேனா மூடியைக் கழற்றியிருக்கிறார்.

நான் வாயைத் திறக்குமுன் மாமா தொண்டையைக் கனைத்தார். கடையில் பேசும் அதே இனிப்பான குரல்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. நாளைக்கு உங்க வூட்டு விசேஷத்துக்குப் புடவை எடுக்க வர்றீங்க. நான் போலி ஜரிகைய எடுத்து அசல்னு கட்டிக் கொடுக்கறேன். நீங்க வந்து கேட்டா, 'எனக்குத் தெரியும்மா, ஆனா மொதலாளி கொடுத்த சீட்டுல அசல்னுதான் இருக்குது'ன்னு சொல்றேன். வாங்கிக்குவீங்களா?"

மிஸ் அவரையே பார்த்தார். "அது வேற சார். இது வேற."

"கரெக்ட்டுங்க மேடம்," என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். மார்க் வரவில்லை. படியிறங்கும்போது என் மேல் எரிந்து விழுந்தார். "நல்ல கஸ்டமர்மா அந்த மிஸ்ஸு. அவங்க அண்ணன் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வருவாங்கன்னு இருந்தேன். உன்னால போச்சு." எல்லாமே புடவைதான் என்று சொன்ன மனிதர். அன்று முதல்முறையாக அவர் தத்துவம் எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தள்ளுபடி கேட்கிறேன் என்று நினைப்பார்.

பஸ் ஒரு சனிக்கிழமை காலை போனது. இவள் பால் வாங்கிவர என்னோடு வந்தவள், தெருமுனையில் அது திரும்புவதைப் பார்த்தாள். ஜன்னல்களில் கைகள். இவளும் கை காட்டினாள். வீடு வந்து, தலையணை உறைக்குள்ளிருந்து சுற்றறிக்கையை எடுத்து, அக்காவின் குஞ்ச நூல் குப்பையோடு சேர்த்துப் போட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாலையில் அடுத்த தெருத் தோழி வந்தாள், ஏ கிரேடு. பட்டர் பேப்பரை அப்படியே எழுதியவள்.

"எப்டிடி இருந்துச்சு?" என்று இவள் பாய்ந்து கேட்டாள்.

"சூப்பர்டி. ஏசி. சீட்டு பின்னாடி சாயுது. லைட்ட ஆஃப் பண்ணிட்டாங்களா, நான் தூங்கிட்டேன். அப்புறம் பீச்சுக்குப் போனோம்."

"நட்சத்திரம்?"

"இருந்துச்சுன்னு நெனைக்கறேன். மிஸ்ஸும் தூங்கிட்டாங்கடி!"

ஊரைக் கூட்டி உட்காரவைத்து, வானத்தைக் கூரையில் இறக்கி, அதன் கீழே வரிசையாகத் தூங்கியிருக்கிறார்கள். தகுதி அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். என் வாழ்நாளில் எந்தக் கேள்வி வங்கியையும் நான் அவ்வளவு நிறைவாக வெறுத்ததில்லை.

தோழி போனதும் இவள் ஜக்கார்டு அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். சுவரில் டார்ச் அடித்தாள். புள்ளிகள்.

"சித்தி, இது நிஜ வானமா?"

"இல்ல. அன்னப்பட்சி வாலு."

"நிஜ வானம் அடிச்சித் தருவாரா அந்த அண்ணன்?"

மறுநாளே போனோம். அட்டை அடிக்கிறவர் தலையைத் தூக்கவில்லை. "இன்னா டிசைன்? மயிலா, மாங்காவா?"

"நட்சத்திரம்ணா."

"பார்டருக்கா?"

"இல்லண்ணா. ஒடம்பு பூரா புள்ளிப் புட்டா."

இப்போது தலையைத் தூக்கினார். "எத்தினி கலரு?"

"வெள்ளை மட்டும். பின்னாடி டார்ச்சு."

"நிலா?"

"நிலா வேணாம்ணா. அதுக்கு ஓட்ட போடக் கூடாது. தானா வெளிச்சம் கெடையாது. அம்மா குப்பையில ஜரிகைத் துணி இருக்குது, வட்டமா வெட்டி சுவத்துல ஒட்டிட்டு, வேற டார்ச்சு அடிச்சிக்குவோம்."

அவர் என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்கு மார்க்கு வராதே," என்றார்.

"வரல," என்றேன்.

டிசைனை முதலில் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக்கொண்டு வரச் சொன்னார். எந்தப் புடவையும் அப்படித்தான் தொடங்கும், கட்டத்துக்கு ஒரு துளை. இப்போது அந்தத் தாள் எங்கள் முன்னால் விரிந்து கிடக்கிறது. பக்கத்தில் நட்சத்திர வரைபடம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்களுக்கெல்லாம் அக்காவின் கறுப்புத் துணியை மாட்டி, பி கிரேடு சி கிரேடு வாங்கி பஸ் ஏறாத பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைப்பதாகத் திட்டம். அக்காவிடம் ஜன்னல் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.

ஓரியன் என்கிற வேட்டைக்காரன் கூட்டத்தில் தொடங்கினோம். இடுப்புப் பட்டையின் மூன்று நட்சத்திரங்களும் சமர்த்தாகக் கட்டங்களுக்குள் உட்கார்ந்தன. தோள் நட்சத்திரம் மட்டும் இரண்டு கட்டங்களுக்கு நடுக் கோட்டின் மேல் நிற்கிறது. கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது என்றேன்.

"தள்ளினா அதுவும் கேள்வி வங்கிதான சித்தி?" என்கிறாள்.

அட்டை அடிக்கும் மெஷினால் கோட்டின் மேல் துளை போட முடியாது. ஆகவே மற்ற நட்சத்திரங்களை அவர் அடித்துக் கொடுத்த பிறகு, இந்த ஒன்றை மட்டும் நாங்கள் கையால் போடப் போகிறோம். கோணி ஊசியைச் சுட்டுக் குத்திப் பார்ப்பது முதல் முயற்சி. அட்டை கிழிந்தால் ஆணி.